சீருடையைக் கழற்றிய பிறகு

மதுரை காளவாசலிலிருந்து தேனி சாலையில் மேற்கே போகிறவர்கள் சம்மட்டிபுரம், விராட்டிபத்து, அச்சம்பத்து என்று ஒவ்வொன்றாகத் தாண்டி நாகமலை புதுக்கோட்டைக்கு வந்து சேர்வார்கள். அந்தப் பாதையின் தொடக்கத்தில், சம்மட்டிபுரத்தில், ஒரு தர்கா இருக்கிறது. ஊரார் கான்சாகிபு என்று சொல்லும் முகம்மது யூசுப்கான் அங்கே அடக்கமாகியிருக்கிறார். பனையூரில் பிறந்து, கம்பெனிப் பட்டாளத்தில் சிப்பாய்களுக்குக் கும்மந்தானாக உயர்ந்து, மதுரைச் சீமையையே ஆண்டவர். ஆர்க்காட்டு நவாபுக்கும் அவருக்கும் பகை முற்றியபோது, அதுவரை அவருடைய வாளை நம்பியிருந்த கம்பெனி நவாபின் பக்கம் போய் நின்றது. மாதக்கணக்கில் முற்றுகை நடந்தது. கூட இருந்தவர்களே காட்டிக்கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

படை நடத்தியவனுக்கும் அவன் தலைக்கு மேலே இருந்த ஆட்சிக்கும் மனம் முறிந்தால் அன்றைக்கு முடிவு அதுதான். யார் என்ன சொன்னார்கள், யார் எந்த உத்தரவைப் போட்டார்கள் என்பதைக் கான்சாகிபு தன் வாயால் சொல்லி வைக்க வழியில்லை. அவருடைய பக்கத்தை நாட்டுப்பாடல் கட்டியவர்கள்தான் பாடி வைத்தார்கள்.

இருநூறு ஆண்டுகள் கழித்து, சுதந்திர இந்தியாவில், இதே வழக்கு வேறு வடிவம் எடுத்தது. போரில் தோற்றோ, பாதியில் திரும்பியோ வந்த தளபதிகள் ஓய்வுபெற்ற பிறகு பேனாவை எடுத்தார்கள். தங்களைப் போருக்கு அனுப்பிய பிரதமரையும் அமைச்சரையும் செயலாளரையும் தூதரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார்கள். அந்தப் புத்தகங்களின் கதை தமிழ் வாசகர்களுக்கு இரண்டு வகையில் நெருக்கமானது. தென்மாவட்டக் கிராமங்களில் பட்டாளத்துக்கு ஆள் போகாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்று, இந்தப் புத்தகங்களில் மிகக் கசப்பானவை எழுதப்பட்டது யாழ்ப்பாணத்துப் போரைப் பற்றி.

பணியில் இருக்கும்வரை இந்தியப் படைவீரர் வாய் திறக்க முடியாது. இராணுவ விதிகள் 1954-இன் 21-ஆம் விதி, அரசின் அனுமதியில்லாமல் அரசியல் பற்றியோ, படைப்பணி பற்றியோ பத்திரிகைக்கு எழுதுவதைத் தடுக்கிறது. ஓய்வூதியம் வாங்கத் தொடங்கியவரை அந்த விதி தொடாது. 1923-ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டம் மட்டும் சாகும்வரை கூடவே வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சிறிய இடைவெளியில்தான் எல்லாப் புத்தகங்களும் பிறந்திருக்கின்றன.

முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஜெனரல் கே.எஸ். திம்மய்யா. குடகுக்காரர். 1957 முதல் 1961 வரை தரைப்படைத் தலைமைத் தளபதி. பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனனுக்கும் அவருக்கும் பதவி உயர்வு விஷயங்களிலிருந்து எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. 1959 ஆகஸ்ட் 31 அன்று இராஜினாமாக் கடிதம் கொடுத்தார். பிரதமர் நேரு அழைத்துப் பேசினார். கடிதம் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் செய்தி வெளியே கசிந்துவிட்டது. செப்டம்பர் 2 அன்று மக்களவையில் நேரு, மக்களாட்சியில் குடிமை அதிகாரமே மேலானது என்று சொல்லி, தளபதியின் செயலைக் குறைத்தே பேசினார். பக்கத்து நாட்டில் அயூப்கான் ஆட்சியைப் பிடித்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. நேருவின் அச்சத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்த அச்சத்தின் விலையைப் பனிமலையில் வேறு யாரோ கொடுத்தார்கள்.

1961 மே மாதம் திம்மய்யா ஓய்வுபெற்றார். அடுத்த ஆண்டு ஜூலையில், ரொமேஷ் தாப்பரின் ‘செமினார்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சீனாவோடு இந்தியா தனியாக நின்று நேரடிப் போரில் இறங்குவதை ஒரு படைவீரனாகத் தன்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை, நம் பாதுகாப்பை அரசியல்வாதிகளும் இராஜதந்திரிகளும்தான் பேசி உறுதிசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். ஓய்வுபெற்ற இந்தியத் தலைமைத் தளபதி ஒருவர், ஆட்சியாளர்கள் போகும் பாதை தவறு என்று போருக்கு முன்பே அச்சில் சொன்ன அரிய சந்தர்ப்பம் அது. கட்டுரையில் கோபம் இல்லை, தனிமனிதத் தாக்கு இல்லை. யாரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. மூன்று மாதத்தில் போர் வந்தது.

அந்தப் போர் எப்படித் தொடங்கியது என்பதை அறிய ஒரு நாளை மட்டும் பார்த்தால் போதும். 1962 செப்டம்பர் 22. வடகிழக்கு எல்லையில் தோலா சாவடிக்கு எதிரே சீனப் படை இறங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. பிரதமர் இலண்டனில். பாதுகாப்பு அமைச்சர் நியூயார்க்கில். டில்லியில் இணை அமைச்சர் ஒருவர் தலைமையில் கூட்டம் நடந்தது. சீனர்களை விரட்ட வேண்டும் என்பதே பேச்சு. அப்போதைய தளபதி பி.என். தாப்பருக்கு அதில் நம்பிக்கை இல்லை. உத்தரவை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டார். எழுத்தில் வந்தது. அதில் கையெழுத்திட்டவர் எச்.சி. சரீன், பாதுகாப்பு அமைச்சகத்தின் இணைச் செயலாளர். ஒரு பெரிய அண்டை நாட்டின் படையோடு மோதும்படி இந்திய இராணுவத்துக்குப் போன எழுத்துபூர்வமான கட்டளையில் பிரதமரின் கையெழுத்தும் இல்லை, அமைச்சரின் கையெழுத்தும் இல்லை.

கட்டளையின் மறுமுனையில் நின்றவர் பிரிகேடியர் ஜான் பரசுராம் தால்வி. 7-ஆவது காலாட்படைப் பிரிகேடின் தலைவர். நம்கா சூ என்ற மலையோடையின் கரையில் அவருடைய பட்டாலியன்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தன. எதிரே உயரமான தக்லா முகடு முழுவதும் சீனர் கையில். சமவெளியிலிருந்து ஏறிவந்த ஜவான்களுக்குப் பருத்தி உடுப்பும் கான்வாஸ் காலணியும்தான். கையில் பழைய .303 துப்பாக்கி, ஆளுக்கு ஐம்பது தோட்டா. அக்டோபர் 12 அன்று கொழும்புக்குப் புறப்பட்ட நேரு, பாலம் விமான நிலையத்தில் நிருபர்களிடம், நம் மண்ணிலிருந்து அவர்களை அகற்றும்படி படைக்கு உத்தரவிட்டிருப்பதாகச் சொன்னார். எட்டாம் நாள் விடியற்காலை சீனப் பீரங்கிகள் முழங்கின. 2-ஆவது ராஜபுத்திர பட்டாலியனில் அன்று களத்தில் நின்ற 513 பேரில் 282 பேர் உயிரிழந்தார்கள். பிரிகேட் சில மணி நேரத்தில் சிதறிப்போனது. அக்டோபர் 22 அன்று தால்வி சிறைப்பட்டார்.

ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்தது. நவம்பர் 7 அன்று கிருஷ்ண மேனன் பதவி விலகினார். நவம்பர் 21 அன்று சீனா தானாகவே போரை நிறுத்தியது. இந்திய அரசு சொன்ன கணக்கு: இறந்தவர் 1,383, காணாமல் போனவர் 1,696, சிறைப்பட்டவர் 3,968. அந்த நாட்களில் நாடெங்கும் பெண்கள் பாதுகாப்பு நிதிக்குக் காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்குத் தோல்வியின் காரணத்தை யாரும் விளக்கவில்லை.

1963 மே மாதம் விடுதலையாகித் திரும்பிய தால்வி, பிறகு இராணுவத்திலிருந்து விலகி, 1969-இல் ‘ஹிமாலயன் பிளண்டர்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். திபெத்தின் சிறை முகாமில் இருந்தபோதே இதை எழுதியாக வேண்டும் என்று முடிவு செய்ததாக அவரே சொல்கிறார். இந்தியப் படை இலக்கியத்தில் அதைப்போல் சூடான புத்தகம் அதற்கு முன் இல்லை. டில்லியில் வரைபடத்தின் மேல் விரல் வைத்து முடிவெடுத்தவர்களுக்கு அந்த மலையில் ஒரு மூட்டை அரிசி மேலே போய்ச்சேர எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது என்பதைப் பக்கம் பக்கமாக அடுக்கிக்காட்டினார். நேரு, மேனன், இருவருக்கும் தலையாட்டிய மூத்த தளபதிகள் என யாரையும் விடவில்லை. கைதியாகக் கிடந்தவரின் எழுத்து என்பதால் அதில் வலி அதிகம். அந்த வலியே அதன் பலம். சில இடங்களில் அதுவே பலவீனமும்கூட. தன் பிரிகேட் தன் கண்முன்னே அழிந்ததைப் பார்த்தவரிடம் நடுநிலையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தால்விக்கு இரண்டு ஆண்டு முன்பே இன்னொரு புத்தகம் வந்திருந்தது. லெப்டினன்ட் ஜெனரல் பி.எம். கௌலின் ‘தி அன்டோல்ட் ஸ்டோரி’, 1967. கௌல் நேருவுக்கு நெருங்கியவர். 4-ஆவது கோரின் தலைவராகப் போர்முனைக்கு அனுப்பப்பட்டவர். அங்கே உடல்நலம் கெட்டு, டில்லி வீட்டில் படுத்தபடியே போரை நடத்தினார் என்ற பழி அவர்மேல் உண்டு. அவரும் தம் புத்தகத்தில் மேனனைச் சாடினார். தளவாடம் இல்லை, திட்டம் இல்லை, அரசு கேட்கவில்லை என்றார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒன்று விளங்குகிறது. ஓய்வுபெற்ற தளபதி ஆட்சியாளரைக் குறை சொல்லும்போது, அந்த ஆட்சியாளர் அருகிலேயே நின்று தலையசைத்த சீருடைக்காரர் யார் என்றும் நாம் சேர்த்துக் கேட்க வேண்டும். கௌலின் பக்கங்களில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. தால்வியின் பக்கங்களில் இருக்கிறது. அதில் முதல் பெயரே கௌல்தான்.

அதன் பிறகு ஒவ்வொருவராக எழுதினார்கள். தால்விக்கு மேலே 4-ஆவது டிவிஷனை நடத்திய மேஜர் ஜெனரல் நிரஞ்சன் பிரசாத் 1981-இல் தவாங்கின் வீழ்ச்சியைப் பற்றி எழுதினார். கிழக்குப் படைத்தலைவராக இருந்து 1961-இல் ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் எஸ்.பி.பி. தோராட் 1986-இல் தன்வரலாறு வெளியிட்டார். சீனத் தாக்குதல் எப்படி வரும் என்று 1960-லேயே ‘லால் கிலா’ என்ற பயிற்சியில் தாம் விளக்கிக் காட்டியதையும் மேனன் அதைப் பொருட்படுத்தாததையும் அதில் பதிவு செய்தார். போர் நடவடிக்கை இயக்குநராக இருந்த பலித் 1991-இல் எழுதினார். முப்பது ஆண்டுக் காலம் ஒரே தோல்வியைப் பற்றி ஒருவர் மாற்றி ஒருவர் எழுதிக்கொண்டிருந்தது ஏன்? அரசு எழுதியது பூட்டிக் கிடந்ததுதான் காரணம். லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்சும் பிரிகேடியர் பி.எஸ். பகத்தும் 1963-இல் கொடுத்த விசாரணை அறிக்கையை அன்றிலிருந்து எந்த அரசும் வெளியிடவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் பதில் ஒன்றுதான். அதன் ஒரு பகுதியை 2014 மார்ச்சில் ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் தானே வெளியிட்ட பிறகும் அதிகாரபூர்வமாக அது இரகசியம்தான்.

போர்க்காலத்தில் ஆண்டவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்பதை அரசுக் கோப்பு சொல்ல மறுக்கும்போது, ஓய்வுபெற்ற அதிகாரியின் புத்தகம்தான் கோப்பின் இடத்தைப் பிடிக்கிறது. அது சாட்சியா, வக்காலத்தா என்று பிரித்துப் பார்க்கும் சுமை படிப்பவர் தலையில் விழுகிறது. இலங்கைப் போர் விஷயத்தில் இந்தச் சுமை இன்னும் கூடுதல்.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே இந்தியத் துருப்புகள் யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கின. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பட்டாலியன்களும் பிறகு போயின. யாழ்ப்பாணத்து மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். எழுபது நாட்கள் கழித்து, அக்டோபர் 10 அன்று, அதே படை விடுதலைப் புலிகளோடு போரைத் தொடங்கியது. அமைதி காக்கப் போனவர்கள் எப்படிப் போர் செய்பவர்களானார்கள் என்பதைத்தான் அந்தப் படையின் தலைவர்கள் ஓய்வுக்குப் பிறகு எழுதித் தீர்த்தார்கள்.

முதலாமவர் லெப்டினன்ட் ஜெனரல் தீபிந்தர் சிங். தெற்குப் படைப்பிரிவின் தலைவர். சென்னையிலிருந்து அமைதிப்படை முழுவதையும் நடத்தியவர். இரண்டாமவர் 54-ஆவது டிவிஷனோடு முதலில் யாழ்ப்பாணத்தில் இறங்கிய மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங். மூன்றாமவர் பின்னர் அங்கே பொறுப்பேற்ற எஸ்.சி. சர்தேஷ்பாண்டே. தீபிந்தரும் சர்தேஷ்பாண்டேயும் 1990-களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார்கள். ஹர்கிரத் இருபது ஆண்டு பொறுத்து 2007-இல் எழுதினார்.

மூவர் புத்தகத்தையும் படித்தவர்களுக்கு ஒரு முறைப்பாடு திரும்பத் திரும்பக் கேட்கும்: படைக்கு உத்தரவிட ஒருவர் இல்லை, பலர் இருந்தார்கள். கொழும்பில் தூதர் ஜே.என். தீட்சித். டில்லியில் பிரதமர் அலுவலகமும் இராணுவத் தலைமையகமும். இவர்களுக்கு இடையே ‘ரா’ உளவு அமைப்பு தனக்கென்று ஒரு பாதையில் புலிகளோடு தொடர்பு வைத்திருந்தது. எதிரி யார், நண்பன் யார், போய்ச்சேர வேண்டிய இடம் எது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொன்னார்கள்.

இதில் இரண்டு சம்பவங்கள் எந்தத் தமிழரையும் நிறுத்தி யோசிக்க வைக்கும். ஹர்கிரத் எழுதியது முதலாவது. 1987 செப்டம்பர் 14 இரவு தீட்சித் தொலைபேசியில் அழைத்து, பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைக் கைது செய்யும்படி அல்லது சுட்டுவிடும்படி சொன்னாராம். ஹர்கிரத் தமக்கு மேலிருந்த தீபிந்தரிடம் கேட்டார். வெள்ளைக்கொடியை நம்பிப் பேச வருகிறவரை முதுகில் சுடுவது முறையான இராணுவம் செய்யும் வேலை இல்லை என்று தீபிந்தர் பதில் சொல்லச் சொன்னார். அதையே தாம் தூதரிடம் சொன்னதாக எழுதுகிறார் ஹர்கிரத். இந்திய இராணுவத்துக்குப் பெருமை தரும் பதில் அது. ஆனால் புத்தகம் வந்தபோது தீட்சித் உயிரோடு இல்லை. 2005 ஜனவரி 3 அன்று காலமாகிவிட்டார். அவர் மறுத்திருப்பாரா, வேறு விளக்கம் சொல்லியிருப்பாரா என்று அறிய இனி வழியில்லை. இருபது ஆண்டு மௌனத்துக்குப் பிறகு வரும் சாட்சியத்தின் குறை இது. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லியிருந்தால் எதிர்த்தரப்பும் பதில் சொல்லியிருக்கும்.

இரண்டாவது சம்பவம் நேரடியாகப் போருக்கே வழிவிட்டது. அக்டோபர் தொடக்கத்தில் குமரப்பா, புலேந்திரன் உட்படப் பதினேழு புலிகள் கடலில் பிடிபட்டு, பலாலியில் வைக்கப்பட்டிருந்தார்கள். ஒப்பந்தம் அவர்களுக்குப் பொதுமன்னிப்புத் தந்திருக்கிறது என்பது புலிகள் வாதம். கொழும்புக்குக் கொண்டுபோயே தீருவோம் என்றது இலங்கை அரசு. தடுத்து நிறுத்தும் வலிமை பலாலியில் இருந்த இந்தியப் படைக்கு இருந்தது. தடுக்கலாம் என்ற உத்தரவு வரவில்லை. அக்டோபர் 5 அன்று கைதிகள் சயனைடு விழுங்கினார்கள். பன்னிரண்டு பேர் இறந்தார்கள். ஒன்பது நாள் முன்புதான் புலிகளின் திலீபன் உண்ணாநோன்பில் உயிர்விட்டிருந்தார். ஐந்து நாளில் சண்டை மூண்டது.

குற்றத்தை முழுவதும் குடிமை அதிகாரிகள் மேல் இறக்கிவைக்க முடியுமா? முடியாது. அதற்கும் இந்தப் புத்தகங்களே சான்று. புலிகளோடு ஆயுதம் எடுத்தால் இருபது ஆண்டு வரை கொரில்லாப் போரில் சிக்கிக்கொள்வோம் என்று தாம் எச்சரித்ததாகத் தீபிந்தர் எழுதுகிறார். தோல்வி மனப்பான்மை வேண்டாம் என்று அதைத் தள்ளியவர் எந்த அமைச்சரும் இல்லை. தலைமைத் தளபதி கே. சுந்தர்ஜி, செங்கல்பட்டில் பிறந்த தமிழர். சில வாரங்களில் புலிகளை முடக்கிவிடலாம் என்று சுந்தர்ஜி அரசிடம் உறுதி சொன்னதாகத் தீட்சித்தும் தம் கொழும்பு நினைவுகளில் எழுதியிருக்கிறார். ஒரு பக்கம் தளபதியும் இன்னொரு பக்கம் தூதரும் சொல்வது இந்த ஒரு புள்ளியில் ஒத்துப்போகிறது. அதனால் இதை நம்பலாம்.

அக்டோபர் 11 நள்ளிரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டர்களில் இறக்கப்பட்ட 13-ஆவது சீக்கிய இலகு காலாட்படையின் முப்பது பேரில் ஒருவர்தான் உயிர் தப்பினார். புலிகள் காத்திருந்தார்கள். அந்தத் திட்டத்தின் பொறுப்பு டில்லியின் தலையில் மட்டும் விழாது, ஹர்கிரத்தின் தலையிலும் விழும் என்று பல இராணுவத்தாரே சொல்லியிருக்கிறார்கள். தளபதிகளின் புத்தகங்களைப் படிக்கும்போது ஆட்சியாளர் பற்றிய அத்தியாயம் நீளமாகவும் தங்கள் தவறு பற்றிய அத்தியாயம் குறுகலாகவும் இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னும் ஒன்று குறுகலாக இருக்கிறது. அது அந்த மண்ணின் மக்களைப் பற்றியது. அக்டோபர் 21 தீபாவளி நாள். யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் இந்தியத் துருப்புகள் நுழைந்தன. அன்றும் மறுநாளும் மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் என எழுபது பேர் அளவில் கொல்லப்பட்டார்கள். இரு தரப்புச் சண்டைக்கு இடையே சிக்கி இறந்தார்கள் என்பது படையின் விளக்கம். உயிர் பிழைத்தவர்கள் சொல்வது அதுவல்ல. டில்லி தங்களைக் கைவிட்டது என்று நியாயமான கோபத்தோடு எழுதும் தளபதிகள், அந்த வார்டுகளில் நடந்ததையும் அதே கோபத்தோடு எழுதியிருக்க வேண்டும். சர்தேஷ்பாண்டேயிடம் மட்டும் யாழ்ப்பாணத்து மனிதர்களை மனிதர்களாகப் பார்க்கும் கண் இருந்தது. அவருடைய புத்தகம் மூன்றிலும் மேலானது என்று தயங்காமல் சொல்லலாம்.

1990 மார்ச் 24 அன்று கடைசித் துருப்பு திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. கிட்டத்தட்ட 1,200 இந்திய வீரர்கள் திரும்பவில்லை. பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் அவர்களில் ஒருவர். திரும்பிய படையை வரவேற்கச் சென்னைத் துறைமுகத்துக்கு முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்றார். கப்பலிலிருந்து இறங்கியவர்களில் தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்களைப் போருக்கு அனுப்பிய பிரதமர் அதற்குள் தேர்தலில் தோற்றிருந்தார். பின்னாளில் கார்கில் போர் முடிந்தபோது, சில நாளிலேயே திருச்சிக்காரரான கே. சுப்பிரமணியம் தலைமையில் குழு போட்டு, சில பகுதிகளை நீக்கியாவது 2000-இல் அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். அமைதிப்படையின் போருக்கு அப்படி ஒரு பொது அறிக்கை இன்றுவரை கிடையாது.

கடலுக்கு அந்தப் பக்கம் இதே கதை இன்னும் கொடூரமாக நடந்தது. 2009-இல் போரை முடித்த இலங்கைத் தளபதி சரத் பொன்சேகா, அந்த ஆண்டு நவம்பரில் ஓய்வுபெற்று அதிபர் தேர்தலில் இறங்கினார். டிசம்பர் 13 அன்று ‘சண்டே லீடர்’ பத்திரிகையில் வந்த பேட்டியில், சரணடைய வந்த புலித் தலைவர்களைக் கொல்லும்படி பாதுகாப்புச் செயலாளர் கோத்தபய ராஜபக்ச உத்தரவிட்டதாகத் தமக்குத் தெரிய வந்தது என்ற செய்தி இருந்தது. பிறகு அவர் அதை மாற்றிச் சொன்னார். ஜனவரித் தேர்தலில் தோற்றார். 2010 பிப்ரவரி 8 அன்று கைதானார். இராணுவ நீதிமன்றம் பதவியையும் ஓய்வூதியத்தையும் பறித்துச் சிறையில் அடைத்தது. அந்தப் பேட்டிக்காகவே 2011 நவம்பரில் மேலும் மூன்றாண்டுத் தண்டனை விழுந்தது. தங்கள் மீது குண்டு போட்ட படையின் தளபதி என்று தெரிந்தும் அந்தத் தேர்தலில் வடக்கு, கிழக்குத் தமிழர்கள் பெரும்பாலும் அவருக்கே வாக்களித்திருந்தார்கள். அந்த வாக்கின் பின்னால் இருந்த துயரத்தை இன்னும் யாரும் சரியாக எழுதவில்லை.

அமெரிக்காவில் 2006 ஏப்ரலில் ஓய்வுபெற்ற தளபதிகள் பலர் அடுத்தடுத்து, ஈராக் போரைக் கெடுத்த பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் விலக வேண்டும் என்று போர் நடந்துகொண்டிருக்கும்போதே கேட்டார்கள். நவம்பரில் அவர் போனார். அங்கே விவாதம் உடனுக்குடன் நடந்தது. இந்தியாவில் விவாதம் தாமதமாகிறது. சில நேரம் தடுக்கப்படுகிறது. ‘ரா’வில் பணியாற்றிய மேஜர் ஜெனரல் வி.கே. சிங் 2007-இல் புத்தகம் எழுதியதற்காக அலுவலக இரகசியச் சட்டத்தில் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. 2021 மே மாத இறுதியில் ஓய்வூதிய விதிகளைத் திருத்தி, உளவு மற்றும் பாதுகாப்பு அமைப்புகளில் இருந்தவர்கள் அனுமதியின்றி எழுதினால் ஓய்வூதியமே போகலாம் என்று ஆக்கினார்கள். இராணுவத்தார் அந்த விதியில் வரமாட்டார்கள். ஆனால் முன்னாள் தலைமைத் தளபதி எம்.எம். நரவணேயின் நினைவுக் குறிப்பு, 2024 ஜனவரியில் வரும் என்று அறிவித்த பிறகும், அரசின் பரிசீலனைக்காக நிறுத்தப்பட்டது. 2020 ஆகஸ்ட் 31 இரவு லடாக்கில் சீன டாங்கிகள் முன்னேறி வந்தபோது டில்லியிலிருந்து தமக்குக் கிடைத்த பதில், உங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள் என்பதே என்று அவர் எழுதியிருப்பதாகச் செய்தி நிறுவனம் ஒன்று வெளியிட்ட பகுதியில் இருந்தது. 1962 செப்டம்பரில் ஓர் இணைச் செயலாளரின் கையெழுத்தோடு நின்ற கேள்வி அறுபது ஆண்டு கழித்தும் அங்கேயே நிற்கிறது: கடைசி முடிவை எடுத்தவர் யார்?

படைத்தலைவர்கள் அரசியலில் தலையிடக் கூடாது என்பதில் ஐயமில்லை. அயூப்கான்கள் இந்த நாட்டுக்கு வேண்டாம். ஆனால் ஆட்சியாளரைக் கேள்வி கேட்பது வேறு, ஆட்சியைப் பிடிப்பது வேறு. திம்மய்யாவும் தால்வியும் தீபிந்தரும் செய்தது முதலாவதை மட்டுமே. ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை வெளியிட்டு, அமைதிப்படைக் கோப்புகளையும் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டால், இந்தப் புத்தகங்களில் உண்மை எது, தற்காப்பு எது என்று பிரித்தெடுக்க முடியும். அதைச் செய்யாமல் புத்தகங்களை மட்டும் சந்தேகிப்பது முறையல்ல.

அதுவரை செய்யக்கூடிய வேலை ஒன்று நாகமலை அடிவாரத்திலேயே இருக்கிறது. இதுவரை இங்கே பார்த்த எழுத்தாளர்கள் எல்லோரும் பிரிகேடியரோ அதற்கு மேலே இருந்தவர்களோதான், ஆங்கிலத்தில் எழுதியவர்கள். உத்தரவு கடைசியாக வந்து சேர்ந்த நாயக்கும் ஹவில்தாரும் இந்த வரிசையில் இல்லை. மதுரை, தேனி, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டக் கிராமங்களிலிருந்து அமைதிப்படைக்குப் போய்த் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். எதிரே நின்றவரின் மொழி அவர்களுக்குப் புரிந்தது. வீடு சோதனைக்குப் போனபோது அழுத தாயின் சொல்லும் புரிந்தது. எந்தத் தளபதியின் புத்தகத்திலும் இல்லாத சாட்சியம் அது. நாகமலை புதுக்கோட்டைக்கு அடுத்த பல்கலை நகரில் 1966 முதல் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வரலாற்று மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு அந்த வீடுகளுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழிகாட்ட வேண்டும். போனவர்களே முன்வந்து சொல்லவும் வேண்டும். 1987-இல் இருபது வயதில் பலாலியில் இறங்கிய சிப்பாய்க்கு இப்போது அறுபது வயது நெருங்குகிறது.